வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு இணையவழி பிரெஞ்சு வகுப்பு: மாதம் எவ்வளவு ஆகும்?

8 வயதிலும் 11 வயதிலும் பிள்ளைகள், இருவரும் வீட்டிலேயே படிக்கிறார்கள், நாலைந்து பேர் மட்டும் சேரும் இணையவழி பிரெஞ்சு வகுப்புக்கு எவ்வளவு ஆகும், கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பம். என் மகளுக்கு 10 வயது, அவளும் பள்ளிக்குப் போவதில்லை. பிரெஞ்சு தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது மாதம் 2,000 ரூபாய் கட்டுகிறேன். நாலு பிள்ளைகள், வாரம் இரண்டு வகுப்பு, வகுப்புக்கு 45 நிமிடம். இந்த வகுப்புக்கு வந்து சேர்வதற்குள் 14,160 ரூபாய் தண்டம் அழுதேன். அந்தக் கதைதான் உங்களுக்கு அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.

பக்கத்திலேயே பாண்டி இருக்க, இணையவழி எதற்கு என்று வீட்டுக்காரரே கேட்டார். 1889 முதல் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி நிலையம் இயங்கும் ஊர், தெருப் பலகையிலேயே பிரெஞ்சு இருக்கும் ஊர், எல்லாம் சரி. ஆனால் கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பஸ் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள், ஒரு மணி நேர வகுப்புக்கு அரை நாள் போய்விடுகிறது. அதை வாரம் இரண்டு முறை செய்ய என்னால் ஆகாது. (1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்து எங்கள் தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடித்தானே, அப்போதே நாலு வார்த்தை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தால் எனக்கு இந்தச் செலவே வந்திருக்காது.)

முதலில் விளம்பரம் பார்த்து ஒரு நிறுவனத்தில் சேர்த்தேன். மாதம் 2,000 ரூபாய் என்றார்கள், ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டச் சொன்னார்கள். பன்னிரண்டாயிரம் என்று நினைத்துக்கொண்டு போனால், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 14,160க்குப் பில் வந்தது. 'சிறு குழு' என்றால் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. தொடக்கத்தில் ஐந்து பேர் இருந்தார்கள், மூன்றாவது மாதம் திரையில் பதினொரு முகம். அதற்குள் ஆசிரியர் வேறு இரண்டு முறை மாறிவிட்டார். ஒவ்வொரு புது ஆசிரியரும் "உன் பெயர் என்ன" என்பதிலிருந்து திரும்ப ஆரம்பிப்பார். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது விதிமுறையின் ஒன்பதாவது பத்தியைக் காட்டினார்கள்.

ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். 45 நிமிடத்தில் என் மகள் வாய் திறந்து பிரெஞ்சு பேசியது மொத்தம் இரண்டு நிமிடம். மற்ற நேரமெல்லாம் மைக்கை அணைத்துவிட்டு அடுத்தவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, நோட்டின் ஓரத்தில் பூனை வரைந்துகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து வகுப்புக்கு எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. பிள்ளை பேசுகிற நிமிடத்துக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்க்கிறேன். அந்த நிறுவனத்தில் மாதம் எட்டு வகுப்புக்குப் பதினாறு நிமிடப் பேச்சு, வரியோடு 2,360 ரூபாய். இப்போதைய ஆசிரியை பாடம் சொல்லவும் விளக்கவும் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டால் மீதி அரை மணி நேரத்தை நாலு பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஏழு நிமிடத்துக்குக் குறையாது. மாதத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் கிட்டே வருகிறது, 2,000 ரூபாய்க்கு. தனி வகுப்பு என்றால் அதே ஆசிரியைக்கு மாதம் 8,000 ரூபாய். அதில் பேச்சு நேரம் அதிகம்தான், ஆனால் இந்த வயதுப் பிள்ளை அரை மணி நேரம் தனியாளாகப் பெரியவர் ஒருவரிடம் பேசினால் களைத்துப்போகிறது. கூட ஒரு பிள்ளை தப்பாகச் சொல்லிச் சிரித்தால்தான் இதற்கும் தைரியம் வருகிறது.

இந்த ஆசிரியை பாண்டிக்காரர். பிள்ளைகள் அவரை 'மதாம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாலை ஐந்திலிருந்து எட்டு வரை எல்லாப் பெற்றோரும் கேட்கிற நேரம் என்பதால் அப்போது வகுப்புக்கு 1,300 கேட்டார். எங்கள் பிள்ளைகளுக்குப் பகலில் நேரம் இருக்கிறது, காலை 11 மணிக்கு வைத்துக்கொள்ளலாமா என்றேன். 1,000க்கு இறங்கினார். அதை நாலு பேர் பகிர்ந்து தலைக்கு 250 கொடுக்கிறோம். பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைப் பெற்ற நமக்கு இருக்கிற ஒரே பேரம் இதுதான், விட்டுவிடாதீர்கள்.

பிரான்ஸிலிருந்தே ஆள் வேண்டுமென்றால், நான் விசாரித்த ஒரு குழுவில் தலைக்கு, வகுப்புக்கு 12 யூரோ. ஆயிரம் ரூபாய்க்கு மேலே போகும், வங்கிக் கட்டணம் தனி. அதைவிட நேரம்தான் தொல்லை. அவர்கள் கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. அக்டோபர் கடைசி ஞாயிறு வந்தால் நம் நாலு மணி வகுப்பு தானாகவே ஐந்து மணி ஆகிவிடும்.

ஆரம்ப நிலையில் அந்த ஊர் உச்சரிப்புக்காக அவ்வளவு கொடுக்க வேண்டுமா என்றால், எனக்குத் தோன்றவில்லை. பிரெஞ்சில் பிள்ளைகள் திணறும் என்று சொல்கிற மூக்கொலி நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. 'வந்தான்' என்று பேச்சில் சொல்லிப் பாருங்கள், கடைசி ன் நாக்கில் படாமல் மூக்கோடு நின்றுவிடும். மதாம் இதைச் சொல்லித்தான் முதல் வாரம் பாடம் எடுத்தார், பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். எண்கள்தான் பாடாய்ப் படுத்தின. எண்பதை 'நாலு இருபது' என்றும், தொண்ணூறை 'நாலு இருபது பத்து' என்றும் ஏன் சொல்ல வேண்டும் என்று மகள் சண்டைக்கு வந்தாள். நம் தொண்ணூறில் மட்டும் நூறு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், பேச்சு நின்றது.

மற்ற செலவு பெரிதில்லை. பாடப்புத்தகம், பயிற்சிப் புத்தகம், மைக் உள்ள ஹெட்போன் எல்லாம் சேர்த்து 2,500க்குள் முடிந்தது. டிவி5மோந்த் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் இணையதளத்தில் பயிற்சிகள் இலவசம், வகுப்பில்லாத நாளில் அதைப் போட்டுவிடுகிறேன். சான்றிதழ் வேண்டுமென்றால் சிறுவர்களுக்கு டெல்ஃப் பிரிம் தேர்வு இருக்கிறது, கட்டணம் தனி. ஏ1 என்ற தொடக்க நிலையில் கேட்பது, வாசிப்பது, எழுதுவது, பேசுவது நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 வாங்க வேண்டும், எதிலும் 5க்குக் கீழே போகக்கூடாது. நாங்கள் இன்னும் எழுத வைக்கவில்லை, அவசரமும் இல்லை.

நீங்களே குழு சேர்ப்பதானால் ஒன்றை முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒரு பிள்ளை விலகினால் அந்த 250ஐ யார் ஏற்பது? எங்களுக்குள் அது பேசப்படாமல், போன மே மாதம் ஒருவர் ஊருக்குப் போனபோது மூன்று பேரும் ஒவ்வொரு வகுப்புக்கும் ஆளுக்கு 83 ரூபாய் கூடப் போட்டோம், முகம் சுளித்துக்கொண்டே. இப்போது விலகுகிறவர் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த மாதப் பங்கைக் கட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

அப்புறம், உங்கள் இரண்டு பேரையும் ஒரே குழுவில் போடாதீர்கள். முதலில் எங்கள் குழுவில் ஓர் அண்ணனும் தம்பியும் இருந்தார்கள். தம்பியைக் கேட்ட கேள்விக்கெல்லாம் அண்ணனே பதில் சொன்னான். தம்பிக்குக் கட்டியதும் அண்ணன் கணக்கில்தான் போனது.