விதியில் ஒரு வரியைத் திருத்த 1,800 வெள்ளியா?

கேள்வி: எங்கள் திருப்புகழ் இசைக்குழு பதிவுபெற்ற சங்கம். 60 உறுப்பினர்கள். “புதுச் சட்டம் வந்துவிட்டது, விதிகளை மொத்தமாக மாற்றாவிட்டால் பதிவு போய்விடும், 1,800 வெள்ளி ஆகும்” என்கிறார் ஓர் ஏஜெண்டு. எங்கள் பொருளாளர் எம்ப்ளாய்மெண்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) இருப்பவர். என்ன செய்வது? – செயலாளர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: முதலில் பணத்தைக் கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் ‘புதுச்’ சட்டம், சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தில் 2019இல் நிறைவேறிய திருத்தம். 2022 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நாங்கள் பாட்டுதானே பாடுகிறோம் என்று வாதாட வேண்டாம். உங்கள் நோக்கங்களில் முருக பக்தியைப் பரப்புவது என்று இருந்தால் நீங்கள் சமயக் குழுதான். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். செயற்குழுவில் பெரும்பான்மையினர் குடிமக்களாக இருக்க வேண்டும்.

ஆக, மாற வேண்டியவர் பொருளாளர். விதியில் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டம் பொருந்தும் என்பதால் விதித் திருத்தத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த தேர்தலில் யாரும் தடுமாறாமல் இருக்க, செயற்குழு பற்றிய விதியில் இதைச் சொல்லும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், போதும்.

அந்த ஒரு வரியில்தான் பல சங்கங்கள் சறுக்குகின்றன. நம் சங்கங்கள் பலவும் சங்கப் பதிவாளரின் மாதிரி விதிகளைத் தழுவியவை. அதன்படி கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை, உறுப்பினர்களில் 25 விழுக்காடு அல்லது 30 பேர், எது குறைவோ அது. உங்களுக்கு 15 பேர். ஏழு மணிக் கூட்டத்துக்கு 12 பேர்தான் வந்தார்கள் என்றால், அரை மணி நேரம் தள்ளிவைத்து இருப்பவர்களையே கோரமாகக் கொள்ளலாம். கணக்கறிக்கையை ஏற்கலாம், தேர்தல் நடத்தலாம், டீ குடிக்கலாம். விதியை மட்டும் தொடக்கூடாது! அந்தப் 12 பேரும் ஒருமனதாகக் கை தூக்கினாலும் செல்லாது. 15 பேர் வந்தால், அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 10 பேர் ஆதரிக்க வேண்டும். அதனால் பிறந்தநாள் விருந்துக்குக் கூப்பிடுவதுபோல ஒவ்வொருவருக்கும் போன் போடுங்கள்.

ஏஜெண்டுகள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். வேறொரு சங்கத்தின் விதியில் பெயரை மாற்றி விற்பார்கள். ஓர் இசைக்குழுவுக்குக் கொடுத்த வரைவில் பூப்பந்துத் திடல் வாடகை பற்றி ஒரு விதியே இருந்தது. பதிவாளரின் மாதிரி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ‘நானே சமர்ப்பிக்கிறேன்’ என்று உங்கள் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) விவரத்தைக் கேட்டால், அத்தோடு பேச்சை நிறுத்திவிடுங்கள்.

கூட்டம் ஏற்றபின் பதிவாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வரும்வரை புது விதி நடப்புக்கு வராது. அறநிறுவனமாகவும் பதிந்திருந்தால் அறநிறுவன ஆணையர் தரப்பிலும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே அரசாங்கம், ஒரே ஒரு வரி, அதற்கு இரண்டு வாசல். சரி, இதில் நீங்களோ நானோ செய்வதற்கு ஒன்றுமில்லை.

அப்புறம், பழைய பொருளாளரை அனுப்பிவிடாதீர்கள். பெரும்பான்மை குடிமக்களாக இருக்கும்வரை அவர் சாதாரணச் செயற்குழு உறுப்பினராகத் தொடரலாம். வங்கியில் காசோலைக் கையெழுத்தை மட்டும் மறக்காமல் மாற்றிவிடுங்கள்.