பாட்டியின் மாத்திரையும் பேத்தியின் படிப்பும்

உங்கள் மகள் இரண்டாவது முறையும் நீட்டில் தகுதி மட்டும்தான் பெற்றாள், அரசு இடத்துக்கு மதிப்பெண் போதவில்லை. பெரியப்பா ஒன்றரை ஏக்கரை விற்று நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்க்கச் சொல்கிறார், மாமா வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்கிறார். அவளோ "பயோகெமிஸ்ட்ரி படிக்கிறேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். மனம் உடைந்து சொல்கிறாளோ என்று பயப்படுகிறீர்கள், ஐயா. இரண்டு வருடம் உழைத்துக் கிடைக்காமல் போனால் யாருக்கும் வலிக்கும், அது ஆறிவிடும். விற்ற நிலம் திரும்ப வராது. அதனால் ஆறுதலை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்.பி.பி.எஸ். முடிப்பதற்குள் கட்டணமே ஒரு கோடியைத் தாண்டிவிடுகிறது. அப்புறம் மேற்படிப்பு இல்லையென்றால் பெரியப்பாவே அவளிடம் வைத்தியத்துக்கு வரமாட்டார். வெளிநாட்டில் படித்தால், திரும்பி வந்து தகுதித் தேர்வில் தேறினால்தான் இங்கே தொழில் செய்ய முடியும். ஏஜென்ட்கள் இதைக் கடைசியில்தான் சொல்வார்கள். நிலத்தை விற்க வேண்டாம், கடனும் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

உங்கள் கடிதத்தில் நீங்கள் குறையாக எழுதிய ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் பாட்டிக்குப் பூஞ்சைத் தொற்று வந்து ஃப்ளூகோனசோல் எழுதிய டாக்டர், ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொன்னார். ஏன் என்று கேட்டு மகள் அவரை நச்சரித்துவிட்டாள் என்கிறீர்கள். அந்த "ஏன்"தான் சிலருக்குச் சம்பளம் வாங்கித் தரும் வேலை. மருந்தை உடல் எப்படி மாற்றுகிறது என்று ஆராயும் அந்தத் துறைக்கு டிரக் மெட்டபாலிசம் என்று பெயர்.

நாம் விழுங்கும் மருந்துகளில் பெரும்பாலானவற்றைக் கல்லீரலில் உள்ள சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் (என்சைம்) குடும்பம்தான் மாற்றி, வெளியேற்றத் தயார் செய்கிறது. மனிதரிடம் அதற்கு 57 மரபணுக்கள் உண்டு. மருந்து விஷயத்தில் பெரிய பங்கு வகிப்பவை ஐந்தாறுதான். அவற்றில் வார்ஃபரினைச் சிதைக்கும் முக்கிய நொதி 2சி9 என்பது. ஃப்ளூகோனசோல் அதைத் தடுத்துவிடும். வார்ஃபரின் உடலில் தேங்கி ரத்தக்கசிவில் போய் முடியலாம்.

டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரை இப்படித்தான் வீழ்ந்தது. அதைச் சிதைக்கும், அதே குடும்பத்தின் 3ஏ4 நொதியை வேறு மருந்துகள் தடுத்தபோது சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறானது, உயிரிழப்பும் நேர்ந்தது. 1998-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது வெளியேறியது. அதன் இடத்துக்கு வந்த ஃபெக்சோஃபெனடின், டெர்ஃபெனடின் உடலுக்குள் மாறும்போது உருவாகும் பொருளேதான்!

எனவே புது மருந்து ஒவ்வொன்றையும் எந்த நொதி சிதைக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். கல்லீரல் திசுவில் எல்லா நொதிகளும் கலந்து கிடப்பதால், எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இதற்காக ஒரே ஒரு மனித நொதியின் மரபணுவைப் பூச்சிகளைத் தொற்றும் பேக்குலோவைரஸ் வழியாகப் பூச்சி செல்லுக்குள் ஏற்றுகிறார்கள். ஈ.கோலை பாக்டீரியாவிலும் செய்வதுண்டு. பூச்சி செல் மனித நொதியைத் தயாரித்துக் கொடுத்துவிடும். ஆனால் அது தனியாக இயங்காது. எலக்ட்ரான் கொடுக்கும் ரிடக்டேஸ் என்ற கூட்டாளியையும் சேர்த்தே உற்பத்தி செய்ய வேண்டும்.

இந்த நொதி மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் சின்னக் குப்பிகளில் இருக்கும். எடுத்து உருக்கி, மருந்தோடு கலந்து, 37 டிகிரியில் வைத்து அந்த எலக்ட்ரான்களுக்கு மூலமான என்.ஏ.டி.பி.எச். என்ற பொருளைச் சேர்த்தால் வினை தொடங்கும். குறித்த நிமிடங்களில் கொஞ்சம் எடுத்து அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானில் விட்டால் வினை நின்றுவிடும். மருந்து எவ்வளவு மிச்சம் என்பதை கலவையைப் பிரித்து, மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் எல்சி-எம்எஸ் கருவி அளந்து சொல்லும். மனித நொதி ஏற்றாத பூச்சி செல் மாதிரியையும் பக்கத்திலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அந்த முடிவை நம்ப முடியாது. பொறுமையும் சந்தேகப் புத்தியும் உள்ளவர்களுக்கான வேலை. ஹைதராபாத், பெங்களூரு போன்ற ஊர்களில் மருந்து கம்பெனிகளுக்காக ஆய்வு செய்து தரும் ஒப்பந்த ஆய்வு நிறுவனங்களில் இதற்கென்றே தனிக் குழுக்கள் இருக்கின்றன.

பி.எஸ்சி. மட்டும் வைத்துக்கொண்டு இதற்குள் நுழைவது கடினம். எம்.எஸ்சி.யும் சேர்த்து ஐந்து வருடம் என்று கணக்கு வையுங்கள். அரசு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரிக்கு ஆகும் செலவு, உங்கள் நிலத்தின் ஒரு வருடக் குத்தகைப் பணத்துக்குள் அடங்கக்கூடியது. பிறகு ஜாம், காட்-பி போன்ற நுழைவுத் தேர்வுகள் எழுதி நல்ல நிறுவனத்தில் எம்.எஸ்சி. சேரலாம். ஆராய்ச்சிக்குப் போக விரும்பி நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. தொடக்கச் சம்பளம் ஐடி வேலையோடு போட்டி போடாது, அதையும் மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தெரிந்தும் இதுதான் வேண்டும் என்றால், நடுவே பேச உறவினருக்கு இடமில்லை.

"பயோடெக்" என்று பளபளப்பாகப் பெயர் வைத்து நன்கொடை கேட்கும் கல்லூரிகள் பக்கம் போகாதீர்கள். எங்கே விண்ணப்பித்தாலும் அவளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை நேரில் போய் ஆய்வகத்தைப் பாருங்கள். கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரை மாணவர்களே கையாளுகிறார்களா என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். ஆசிரியர் செய்து காட்டுவார், நாங்கள் பார்ப்போம் என்று பதில் வந்தால் அடுத்த கல்லூரிக்கு நடையைக் கட்டுங்கள்.