அம்மா வைத்த மல்லி – கடிதம்

அன்புள்ள ஐயா,

பங்குனியில் அம்மா தவறிவிட்டார்கள். அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். நான் சென்னையில் அடுக்குமாடியில் இருக்கிறேன். வைகாசி முதல் வாரம் அம்மாவின் பிறந்தநாள் வருகிறது. அன்று அவர் நினைவாக ஒரு மரம் நட ஆசை. மகிழம், செண்பகம், நாகலிங்கம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது நல்லது? அஸ்தி கரைத்தபோது ஒரு பிடி எடுத்து வைத்திருக்கிறேன், அதைக் குழியில் போடலாமா? இடம் கிடைக்காவிட்டால் நர்சரியில் பூவோடு பார்த்த மதுரை மல்லித் தொட்டியை வாங்கிவிடலாமா என்றும் யோசனை. மல்லி வாசத்துக்குப் பாம்பு வரும் என்று எதிர்வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

ஊர் வீட்டை விற்கப் பேசியாயிற்று. ஆவணிக் கடைசியில் சாவி கொடுக்க வேண்டும். கிணற்றடியில் அம்மாச்சி வீட்டிலிருந்து அம்மா கொண்டுவந்து வைத்த குண்டுமல்லி இருந்தது. ஆஸ்பத்திரி அலைச்சலில் மூன்று மாதமாக யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, காய்ந்துவிட்டது. அண்ணன் வெட்டிப் போட்டுவிடலாம் என்கிறான்.

— ஒரு வாசகி, சென்னை

*

அன்புள்ள சகோதரி,

முதலில் அண்ணனுக்குப் போன் போடுங்கள். அந்த மல்லியில் யாரும் கைவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

எந்த மரம் என்று விரிவாகக் கேட்டிருக்கிறீர்கள். கிணற்றடி மல்லியைப் போகிற போக்கில் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிகள்தான் கடிதம். நினைவாக ஏதாவது நட வேண்டும் என்றதும் எல்லோரும் புதிதாக ஒன்றை வாங்கக் கிளம்புகிறார்கள். போனவர் கையால் தண்ணீர் குடித்து வளர்ந்தது கொல்லையிலேயே நிற்கிறது, அதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச காலமாகவே நினைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்தது. ஆகவே கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குண்டுமல்லி விதை கட்டுவது அபூர்வம். பதியம் போட்டோ (கிளையைச் செடியிலிருந்து வெட்டாமலே மண்ணில் புதைத்து வேர்விட வைப்பது) குச்சி வைத்தோதான் அதைப் பெருக்குகிறோம். அப்படியென்றால் உங்கள் கிணற்றடியில் நிற்பது அம்மாச்சி வீட்டுக் கொடியின் பிள்ளைகூட இல்லை, அந்தக் கொடியேதான். அதன் கிளை ஒன்றை வேர்விட வைத்துச் சென்னைக்குக் கொண்டுபோனால் அம்மாச்சி தலையில் வைத்த அதே பூ உங்கள் வீட்டில் பூக்கும். அநுராதபுரத்தில் இன்று நிற்கும் மகாபோதி, புத்தகயாவின் அரசமரக் கிளையை கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகரின் மகள் சங்கமித்தை கொண்டுவர, அங்கே நடப்பட்டது என்பது இலங்கையின் மரபு. கிளையை நட்டு நினைவைக் காப்பது அவ்வளவு பழைய வழக்கம். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, தங்கச்சிமடத்து நாற்று தமிழ்நாடு முழுக்கப் போகிறது, எல்லாம் பெருமைதான். ஆனால் நர்சரித் தொட்டியில் இருப்பது யாரோ வீட்டு மல்லி. உங்கள் வீட்டு மல்லி இருக்கும்போது அது எதற்கு?

காய்ந்துவிட்டது என்கிறீர்கள். கிட்டப் போய்ப் பார்த்தது யார்? இலை உதிர்ந்ததனால் மல்லி செத்துவிட்டது என்று ஆகாது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டச் சொல்லுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகப் பொடிந்தால் இன்னும் கீழே, மண்ணை ஒட்டிய அடிக்கட்டையில் சுரண்ட வேண்டும். வேர் ஆழமாகப் போன பழைய செடி, அதுவும் கிணற்றடியில் நின்றது, மூன்று மாதத்தில் அடியோடு சாவது அரிது.

உங்கள் பக்கம் கரிசல். காய்ந்து வெடித்த கரிசலில் குடம் குடமாகக் கவிழ்த்தால் தண்ணீர் வெடிப்பு வழியே நழுவிப் போகும், வேருக்கு எட்டாது. தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டப் பாத்தி கட்டுங்கள். மேல்மண்ணை இரண்டு அங்குலத்துக்கு மட்டும் கொத்தி, அந்தப் பொடிமண்ணாலேயே வெடிப்பை அடையுங்கள். அதற்கு மேல் ஆழமாகக் கொத்தினால் மிச்சமிருக்கும் சல்லிவேரும் அறுபடும். முதல் நாள் சாயங்காலம் ஒரு குடம், சொம்பு சொம்பாக, நின்று நின்று ஊற்ற வேண்டும். மறுநாள் இரண்டு குடம். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு குடம். பாத்தி முழுக்க நான்கு அங்குல உயரத்துக்குச் சருகு பரப்புங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரற்கடை மட்டும் காலியாக இருக்கட்டும், இல்லையென்றால் அடித்தண்டு அழுகும்.

உரம் கூடாது. வறண்ட வேரில் யூரியாவைப் போட்டால் வேரில் இருக்கும் ஈரத்தையும் இழுத்துவிடும். பாசம் பொங்கி யாராவது இரண்டு கை அள்ளிப் போடுவார்கள், தடுத்துவிடுங்கள். கவாத்தும், அதாவது கிளைகளை வெட்டிக் குறைப்பதும் கூடாது. ஒடித்தால் சடக்கென்று முறிகிற காய்ந்த குச்சிகளை மட்டும் எடுங்கள். குண்டுமல்லிக்குக் கவாத்து நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு. கத்தரி வெயிலில் மொட்டையடித்தால் நிழலுக்குப் பழகிய தண்டு வெயிலில் வெந்து பட்டை உரியும்.

சித்திரை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. இன்றைக்குத் தண்ணீர் ஆரம்பித்தால் அம்மாவின் பிறந்தநாளுக்குள் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது, செடி தளிர்த்திருக்கும். அன்றைக்கு நீங்கள் ஊருக்குப் போங்கள். நடுவதற்கு அல்ல, பதியம் போட. வேர் பிடிக்க 90 முதல் 120 நாள். ஆவணிக் கடைசிக்குள் கணக்கு சரியாக வருகிறது, ஆனால் தள்ளிப்போட ஒரு வாரம்கூட இல்லை.

தரையில் பதியம் போட்டால் பிறகு தோண்டி எடுக்கையில் வேர் கலையும். தொட்டியிலேயே போடுங்கள். பத்து அங்குலத் தொட்டி ஐந்து. செம்மண், மணல், நன்றாக மக்கிய தொழுவுரம் மூன்றும் சம அளவு. தொட்டிகளைச் செடியைச் சுற்றிக் கழுத்துவரை மண்ணில் புதையுங்கள், சூடு ஏறாது. போன வருடத்துக் கிளையாக, பென்சில் கனத்தில், வளைத்தால் முறியாததாகத் தேர்ந்தெடுங்கள். இளம்பச்சைக் கிளை அழுகும், முற்றிய சாம்பல்நிறக் கிளை வேர்விடாது. நுனியில் ஒரு முழம் விட்டு, அதற்குக் கீழே ஒரு சாணுக்கு இலையை நீக்குங்கள். அந்த இடத்தில் ஒரு கணுவுக்கு அடியில், கிளையின் அடிப்பக்கத்தில், நுனியை நோக்கிச் சாய்வாக மூன்று செ.மீ. நீளத்துக்குக் கீறுங்கள். பாதிக் கனம் வரைதான். அதற்கு மேல் போனால் ஒடிந்துவிடும். கீறல் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் ஒரு தீக்குச்சித் துண்டைச் சொருகி, கீறிய பாகத்தை நான்கு அங்குல ஆழத்தில் புதைத்து மேலே கல் வையுங்கள். நுனியை ஒரு குச்சியோடு நிமிர்த்திக் கட்டுங்கள்.

கல் வைப்பதையும் நுனியைக் கட்டுவதையும் யாரும் மதிப்பதில்லை. ஆடிக்காற்று அடிக்கிற ஊர் அது. நுனி ஆடினால் கீறலில் புதிதாக வரும் நூல்வேர் அறுந்துகொண்டே இருக்கும், மேலே இலை பச்சையாகத்தான் தெரியும், ஆவணியில் இழுத்துப் பார்த்தால் வெறும் குச்சி வரும். அடுத்த எதிரி ஆவல். வேர் வந்ததா என்று மண்ணைக் கிளறிப் பார்ப்பது. கிளறாதீர்கள். நுனியில் புதுத்தளிர் வந்து, லேசாக இழுத்தால் பிடிப்பு தெரிந்தால் வேர் இருக்கிறது.

மூன்றாவது, ஈரம். மூன்று மாதத்தில் ஒரு வாரம் காய்ந்தாலும் எல்லாம் வீண். நீங்கள் சென்னையில், அண்ணன் எங்கேயோ. பக்கத்து வீட்டில் யாரிடமாவது மாதம் ஒரு தொகை பேசிவிடுங்கள். சும்மா கேட்டால் முதல் பத்து நாள்தான் ஊற்றுவார்கள். கூடவே மெருகு பூசாத ஐந்து லிட்டர் மண்பானைகள், இரண்டு தொட்டிக்கு நடுவே ஒன்றாக, கழுத்துவரை புதைத்து, அடியில் சின்னத் துளை போட்டுத் துணித்திரி நுழைத்து, வெளியே வரும் திரியை இரண்டாகப் பிரித்து இருபக்கத் தொட்டி மண்ணிலும் செருகுங்கள். வாயை மூடிவையுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும்.

தளிர்த்த இலை புள்ளிபுள்ளியாக வெளுத்து, அடியில் நூலாம்படை மாதிரித் தெரிந்தால் செம்பேன், இலைச்சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய சிலந்திப்பேன். வெயில் காலத்து மல்லிக்கு இது தவறாமல் வரும். கடையில் நனையும் கந்தகம் கொடுப்பார்கள். லிட்டருக்கு 2 கிராம் நல்ல மருந்துதான், ஆனால் கத்தரி வெயிலில் தெளித்தால் இலை கருகும். இப்போதைக்குக் காலையில் இலையடியில் வேகமாகத் தண்ணீர் அடியுங்கள். அடங்காவிட்டால் சாயங்காலம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் சேர்த்து.

ஆவணி நடுவில் பதியக் கிளையைத் தாய்ச்செடிப் பக்கம் பாதிக் கனத்துக்கு வெட்டி, பத்து நாள் விட்டு முழுக்க வெட்டுங்கள். ஒரே நாளில் அறுத்து வண்டியில் ஏற்றினால் வழியிலேயே துவண்டுவிடும். ராத்திரிப் பயணமாகக் கொண்டுவாருங்கள். ஐந்தில் ஒன்றிரண்டு போனாலும் உங்களுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று நிற்கும். அண்ணனுக்குக் கட்டாயம் கொடுங்கள். வெட்டலாம் என்றது கல்நெஞ்சத்தால் அல்ல, அந்தக் கிணற்றடியைப் பார்க்க முடியாமல் சொல்லியிருப்பார்.

ஒருவேளை கிளையெல்லாம் போய் அடிக்கட்டை மட்டும் பிழைத்திருந்தால் பதியம் நடக்காது. புதுத்தண்டு வரும்வரை பொறுத்து, ஆடியில் நான்கு கணு உள்ள குச்சிகளாகப் பத்துப் பதினைந்து வெட்டி மணலில் வைத்து, பாலிதீன் மூடி நிழலில் வையுங்கள். பாதிக்குப் பாதி வந்தாலே நல்லது.

சென்னையில் பதினைந்து அங்குலத் தொட்டி வேண்டும், அடியில் நான்கு துளையாவது இருக்க வேண்டும். நாளுக்கு ஐந்து மணி நேர வெயில் இல்லாத பால்கனியில் இலைதான் வரும், பூ வராது. அதற்கு மொட்டை மாடியே மேல். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் மேற்குப் பக்கத்து வேர் கோடையில் வெந்துபோகும், சாக்கு சுற்றுங்கள். தொட்டியைத் தளத்தில் வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள். குழாயில் முதலில் வரும் கொதிநீரைக் கீழே விட்டுவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். மத்தியானம் இலை துவண்டால் உடனே ஓட வேண்டாம், விரலை மண்ணில் விட்டு இரண்டாவது கணுவரை காய்ந்திருந்தால்தான் தண்ணீர். போர்வெல் தண்ணீரில் புதுத்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துச் சாயங்காலம் தெளியுங்கள், மாதம் ஒருமுறை, பச்சை திரும்பும்வரை. முதல் நவம்பரில் கவாத்து வேண்டாம், செடி சின்னது. அதனால் முதல் திதிக்கு நாலு பூ கிடைத்தாலே பெரிது. அடுத்த வருடம் முறையாகக் கவாத்து செய்தால் பங்குனியில் பருவம் தொடங்கும்போது அம்மா படத்துக்குச் சரமே கட்டலாம்.

அஸ்தியைப் பற்றிக் கேட்டதற்கு மனம் நோகாமல் பதில் சொல்ல முடியவில்லை. போடாதீர்கள். எரிந்த எலும்புச் சாம்பலில் காரமும் உப்பும் மிக அதிகம், மண்ணில் எளிதில் கரையவும் கரையாது. சென்னைத் தண்ணீரே காரம், அதோடு இதுவும் சேர்ந்தால் அம்மாவின் சாம்பலாலேயே அம்மாவின் செடி வாடும். ஆடி அமாவாசைக்குக் கடலில் கரைத்துவிடுங்கள். பாம்பு மல்லி வாசத்துக்கு வருவதில்லை. அடர்ந்த புதரில் எலி தங்கினால் எலிக்காக வரும். மாடித் தொட்டிக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

மரம் கேட்டீர்கள். மகிழம்தான். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் பிறந்தநாள் வருகிறது என்பதற்காகக் கன்றைக் கொண்டுபோய் வெயிலில் நிறுத்துவது அந்தக் கன்றுக்குச் செய்யும் கொடுமை. பெயர்ப்பலகையோடு சித்திரையில் நட்டு, ஆடிக்குள் பலகை மட்டும் மிஞ்சுகிற நினைவு மரங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. கோயிலோ பள்ளியோ இடம் கொடுத்து, மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆளும் இருந்தால், புரட்டாசியில் மூன்றடிக் குழி எடுத்து ஆறவிட்டு, ஐப்பசி மழையோடு வையுங்கள். ஆள் கிடைத்ததும் எழுதுங்கள், கன்று தேர்ந்தெடுப்பது பற்றி அப்போது சொல்கிறேன்.