ஓடையில குஞ்சு வாங்கி விடலாமா? (கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,

நான் பாலக்காட்டு கொழிஞ்சாம்பாறை பக்கம். தென்னந்தோப்பு இருக்கு, தோப்புக்குப் பின்னாடி ஓடை. நீங்க ஆத்து மீனைப் பத்தி எழுதினப்ப விவசாயியையும் சேத்துக் குத்தம் சொல்லிட்டீங்க, மனசு கஷ்டமாப் போச்சு. டவுன் சாக்கடைதான காரணம்? எங்க ஓடைல இப்பவும் மீன் நெறைய இருக்கு, அயிரை மட்டும்தான் காணோம். டேம் தண்ணி சரியா விடாததாலயா? கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டா ஓடை பழையபடி ஆகுமா?

(பேரு போட வேண்டாம்னு கேட்டிருக்கார்.)

அன்புள்ள தம்பி,

டேம் பேச்சை இப்ப எடுக்கல. ஆத்துத் தண்ணியப் பங்கு போட பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தம் 1970ல போட்டதுல இருந்து தமிழ்நாடும் கேரளாவும் அதைப் பேசிட்டேதான் இருக்கு, அதுக்கு தனியா ஒரு நாள் ஒக்காரணும். கட்லா, ரோகு வேண்டவே வேண்டாம், அது வடக்க கங்கைப் பக்கத்து மீன், குளத்துல விட்டு வளக்கறது, ஒங்க ஓடைக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல ஒறவும் இல்ல.

மீன் நெறைய இருக்கு, அயிரை மட்டும் காணோம்னு ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அதுக்குத்தான் இந்த பதில். நானும் கொஞ்ச நாளா இதையேதான் நெனச்சுட்டு இருந்தேன். நெறைய இருக்கற மீனு எதுன்னு நீங்க எழுதல, நான் சொல்றேன் பாருங்க. ஜிலேபி, கொசுவுக்குன்னு விட்ட கப்பி, கொஞ்சம் கொரவை, அவ்வளவுதான இருக்கும்? ஜிலேபி 1952ல நம்ம நாட்டுக்கு வந்தது, ஆப்பிரிக்கா மீனு, முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளயே வெச்சுக் காப்பாத்தும். கப்பி முட்டையே வெளிய விடறதில்ல, குஞ்சாவே போடும், தண்ணில ஆக்சிஜன் கொறஞ்சா மேல வந்து வாயைத் தொறந்துக்கும். கொரவை காத்தையே சுவாசிக்கும். அடில சேறு படிஞ்சா என்ன, தண்ணி கெட்டா என்ன, இதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பிரேசில்ல டவுனுக்குள்ள ஓடற ஓடைங்கள்லயும் இதே கப்பிதான் மண்டிக் கெடக்குதாம். அங்கயும் இங்கயும் ஒரே மீனு! மீனோட எண்ணிக்கை கொறையாமயே ஒரு ஓடை செத்துப் போகும் தம்பி, அதுதான் எனக்கு பயமா இருக்கு.

அயிரைக்கு மணல் வேணும். பொடி மணல்ல பொதஞ்சுக்கும், அடில கெடக்கறதைத்தான் மேயும். கல்லுல ஒட்டிக்கிட்டு பாசி தின்னுமே ஒரு மீனு, அதுக்கு சுத்தமான கல்லு வேணும். கல்லுக்கும் மணலுக்கும் நடுவுல இருக்கற சந்துலதான் பூச்சியும் முட்டையும் இருக்கும், வண்டல் வந்து அந்த சந்தை அடைச்சா முட்டை மூச்சு முட்டி செத்துரும். மேல தண்ணி தெளிவாவே இருக்கும், நீங்களும் நல்ல ஓடைன்னு நெனச்சுக்குவீங்க.

அந்த வண்டல் எங்கிருந்து வருது? கோவிச்சுக்காதீங்க, ஒங்க தோப்புல இருந்துதான் வருது. டவுனை நான் விட்டுத் தரல, காங்கிரீட்டும் ஓட்டுக் கூரையும் பெருகப் பெருக மழைத்தண்ணி மண்ணுல எறங்காம ஒரேயடியா ஓடைக்குப் பாயுது, மழை விட்டா வெறும் சாக்கடை, அதுல ஆக்சிஜனும் இல்ல. அது எல்லாருக்கும் தெரியுது, மூக்கே சொல்லிரும். கரையில நடக்கறது யாரு கண்ணுக்கும் படறதில்ல. இன்னும் ரெண்டு வரிசை தென்னை வெக்கறதுக்காக ஜேசிபி விட்டு ஓடைக்கரை மொத்தத்தையும் வழிச்சு எடுக்கறாங்க, மிச்சம் இருக்கற புல்லுக்குக் களைக்கொல்லி அடிக்கறாங்க, வேரு செத்ததும் அடுத்த மழைக்குக் கரை சரிஞ்சு ஓடைக்குள்ள விழுது. நெழலு போச்சுன்னா தண்ணி சுடும், சுடுதண்ணில ஆக்சிஜன் நிக்காது. எலை உதிர்ந்து அதைத் தின்ன பூச்சி வந்து அந்தப் பூச்சியத் தின்ன மீனு வந்து, அந்தக் கணக்கு முழுசும் மரத்தோட போயிருது. படிச்ச புள்ளைங்களே இதைப் பண்றப்ப எனக்குக் கோவம் கோவமா வருது.

எங்க அப்பிச்சி, அம்மாவோட அப்பா, அவரு தோப்பு மீனாட்சிபுரத்துக்கிட்ட. ஓடைக்கரையில நீர்மருது, புங்கன், அடில கைதைன்னு சொல்ற தாழம்புதரு, பாம்பு இருக்கும்னு புள்ளைங்களை விடமாட்டாங்க. கரையில இருந்து பத்தடிக்கு அவரு மம்முட்டியே வெக்க மாட்டாரு, கரை போனா காடு போயிரும்னு சொல்லுவாரு. வெயில் காலத்துல தண்ணி வத்தி முழங்காலுக்கு வந்ததும் மாமா ரெண்டு பேரு துண்டை விரிச்சுப் புடிச்சு அரிப்பாங்க, அயிரை துள்ளும், அம்மாயி அதைத் தேங்காப்பால்ல விட்டு மண்ணைக் கக்க வெச்சு, கல்லுப்பு போட்டு ஒரசிக் கழுவிக் கொழம்பு வெப்பாங்க. இப்ப அந்தக் கரையில ஒரு நீர்மருது கூட இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும். விவசாயம்னு மொத்தமா நான் திட்டல. நெல்லு வயலு மீனுக்கு எதிரி ஆகாது. முதல் மழைக்கு ஊத்த ஏறுமே, ஆத்துல இருந்து வாய்க்கால் புடிச்சு வயலுக்கு ஏறி முட்டை போடற மீனுங்க, அதுங்களுக்கு நெல்லு வயலுதான் பிரசவ வீடு. கேரளாவுல அந்த நேரத்துல அதைப் புடிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. வயலைத் தூத்துத் தோப்பாக்கி, தோப்பை வித்து சைட்டாக்கினா மீனு எங்க ஏறும்? டவுனும் தோப்பும் தனித்தனியா வந்து கெடுக்கல தம்பி, ஒண்ணு பின்னாடி ஒண்ணு அதே நெலத்துலதான் வருது.

குஞ்சு வாங்க வெச்சிருக்கற காசுல நீர்மருது, புங்கன் நாத்து வாங்குங்க, தென்மேற்கு மழை புடிச்சதும் நடுங்க. மரம் நெழலு குடுக்க வருசக்கணக்காகும், அதுவரைக்கும் கோரையும் கைதையும் வந்தா வெட்டாதீங்க, கரைக்கு மருந்து அடிக்காதீங்க. ஓரமா இருக்கற அந்த ஒரு வரிசை தென்னையை விட்டுக் குடுங்க, கள்ளுக்குக் குத்தகை விட்டிருந்தாலும் சரி. மேல இருக்கற தோட்டத்துக்காரர்கிட்டயும் போய்ப் பேசுங்க, அவரு கரையை வழிச்சா அந்த மண்ணு ஒங்க ஓடைலதான் வந்து படியும்.

அக்கா