கம்ப்யூட்டர் சூடாகிறது, ஃபேன் பயங்கரமாகச் சத்தம் போடுகிறது, அரை மணியில் தானாக அணைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

போன சித்திரையில் எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பிலும் இதே தொல்லைதான். வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில். ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று நேராக மேசைக்கு வரும். காலையில் ஒழுங்காக ஓடும். வெயில் ஏறியதும் மிக்சி ஓடுவதுபோல் இரைச்சல், அப்புறம் பட்டென்று அணைந்துவிடும். சர்வீஸ் கடையில் பிரித்துக்கூடப் பார்க்காமல், மதர்போர்டு போயிருக்கும் என்றார்கள். மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு எடுத்துவந்து நானே பார்த்தேன்.

முதலில் எவ்வளவு சூடு என்று பாருங்கள். உள்ளே எத்தனை டிகிரி என்று காட்டும் எச்டபிள்யூ மானிட்டர் (HWMonitor) என்ற ப்ரோகிராம் இலவசம்தான், அது போதும். சும்மா இருக்கும்போது 40, 50 டிகிரி காட்டும். நம்மூர் வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் கூடினாலும் பயமில்லை. பளுவான வேலை ஓடும்போது 80ஐ ஒட்டிப் போகலாம். 95க்கு மேலேயே நின்றால் ப்ராசசர், அதாவது எல்லா வேலையையும் செய்கிற முக்கியச் சில்லு, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். டாஸ்க் மேனேஜரையும் ஒரு தடவை திறந்து, நமக்குத் தெரியாமல் ஏதாவது ப்ரோகிராம் ப்ராசசரை முழுசாகப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சூடு சரியாக இருந்தும் கரகரவென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் ஃபேனைச் சுழலவிடும் பேரிங் தேய்ந்திருக்கும். எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் தாங்கும், அதற்குப் பிறகு மாற்றத்தான் வேண்டும். அளவையும் வயர் முனையில் மூன்று பின்னா நான்கு பின்னா என்பதையும் பார்த்து அதே மாதிரி வாங்குங்கள்.

எங்களுடையது சும்மா இருக்கும்போதே 78. காற்றடிக்கும் பிளோயரால் தூசியை ஊதினேன், 76 ஆனது. அவ்வளவுதான். மேலிருந்து பார்த்தால் ஃபேன் இறக்கைகள் பளிச்சென்று இருந்தன. ப்ராசசர்மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தணிக்கும் கூலரைக் கழற்றி ஃபேனைத் தனியாகப் பிரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஃபேனுக்கும் அதன் கீழிருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணி விரித்ததுபோல் ஒரு படலம். கை வைத்தால் பிசுபிசுத்தது. கடலோரக் காற்றில் உப்பு இருக்கிறது, உப்பு ஈரத்தை இழுக்கும், அந்த ஈரத்தில் தூசி அப்பிக்கொள்ளும். உள்நாட்டு ஊர்களில் பறந்துபோகிற தூசி இங்கே ஒட்டிக்கொண்டுவிடுகிறது. வெறும் பிளோயருக்கு அது அசையாது.

தென்னை ஈர்க்குச்சியால் தகடுகளுக்கு நடுவே நெம்பி எடுத்தேன், மிச்சத்தைப் பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளினேன். ப்ராசசர் மேலிருந்த, சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாகப் பொரிந்திருந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்ந்ததும் சிறு பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்தேன். தேய்த்துப் பரப்ப வேண்டாம், கூலரின் அழுத்தமே பரப்பிவிடும்.

கூலரைத் திரும்ப மாட்டுவதில் அவசரப்படாதீர்கள். எங்களுடையதில் நாலு மூலையிலும் பிளாஸ்டிக் பின் உண்டு. அதில் ஒன்று முதலிலிருந்தே சரியாக இறங்காமல் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது, அந்தப் பக்கம் கூலர் ப்ராசசர்மேல் சரியாகப் படியவே இல்லை. எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். நாலும் 'டிக்' என்று கேட்க வேண்டும். அன்று சாயங்காலம் சும்மா இருக்கும்போது 46, வீடியோ எடிட் செய்யும்போது 72. பக்கத்தில் உட்கார்ந்தால் வெளியே அலைச் சத்தம் கேட்டது.

பிரித்துச் சுத்தம் செய்யும் வேலையையெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திய பிறகே செய்யுங்கள். பிளோயர் அடிக்கும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் தயவுசெய்து பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள கெபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும், அடித்தால் உயிருக்கே ஆபத்து.

சூடு தணியட்டும் என்று கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றியே வைத்திருப்பார்கள் பலர். கடற்கரைப் பக்கம் அது இன்னும் உப்பையும் தூசியையும் உள்ளே அழைக்கும் வேலை. நான் கேபினட்டை ஜன்னலோரத்திலிருந்து உள்சுவர்ப் பக்கம் மாற்றி, பின்னால் ஒரு சாண் இடம் விட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பிரஷ் போடுகிறேன்.

உங்கள் கம்ப்யூட்டர் எத்தனை டிகிரி காட்டுகிறது, சத்தம் சீரான இரைச்சலா கரகரப்பா என்று எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.