முதலில் உருளப் பழகுங்கள்: ஸ்கேட்போர்டு கேள்வி-பதில்

என் மகளுக்கு 9 வயது. பொம்மைக் கடையில் ஒரு ஸ்கேட்போர்டு வாங்கிக் கொடுத்தோம். ஏறித் தள்ளினால் இரண்டடிகூட நகரவில்லை. அவளுக்கு வரவில்லையா, பலகையில் கோளாறா?
— ஒரு தாய், கோவை

பலகையில்தான் கோளாறு. இதை அவளிடம் இன்றே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் தனக்கு இது வராது என்று அவளே முடிவு கட்டிவிடுவாள். அப்படிக் கைவிட்ட பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

பலகையைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். ஓரிரு சுற்றில் நின்றுவிட்டால் அது விளையாட்டுச் சாமான் மட்டுமே. நல்ல பலகையை மேப்பிள் மரத்தின் ஏழு மெல்லிய ஏடுகளை ஒட்டி அழுத்திச் செய்வார்கள். சக்கரங்களைத் தாங்கும் 'ட்ரக்' உலோகத்தில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் என்றால் வாங்கவே வாங்காதீர்கள். பெரியவர்களுக்கு 8 அங்குல அகலம் சரியாக இருக்கும். உங்கள் மகளுக்கு 7 முதல் 7.5 அங்குலம் போதும்.

சக்கரத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வித்தை பழக 52 மி.மீ. அளவில் 99ஏ கடினம் கொண்ட சக்கரத்தைக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். வழவழப்பான சிமென்ட் தளத்துக்கு அது அருமையானது. கரடுமுரடான தெருவில் அதே சக்கரம் பல் ஆடும் அளவுக்கு உதறும். முதல் சில மாதங்களுக்கு 78ஏ போன்ற மிருதுவான சக்கரம் போட்டுக் கொடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று: 10 வயதுவரை பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் பலகையில் கால் வைக்கவே விடாதீர்கள்.

எந்தக் காலை முன்னால் வைப்பது?
— சேலம் வாசகர்

இடது கால் முன்னால் இருந்தால் 'ரெகுலர்', வலது கால் என்றால் 'கூஃபி'. இரண்டில் எதுவும் தவறில்லை. புகழ்பெற்ற ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் வலது காலை முன்வைப்பவர்தான். எந்தக் கை பழக்கம், எந்தக் காலால் பந்தை உதைப்பீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சாக்ஸ் அணிந்து, வழுக்கும் தரையில் நாலடி ஓடிச் சறுக்கிப் பாருங்கள். தானாக எந்தக் கால் முன்னே போகிறதோ, அதுவே உங்கள் கால்.

கையால் பிடிக்காமல் பலகையோடு எழும்பும் 'ஆலி'யை மூன்று மாதமாக முயல்கிறேன். பலகையின் முன்பக்கம் மட்டும் எழும்புகிறது, பின்பக்கம் தரையிலேயே கிடக்கிறது. காலில் பலம் போதவில்லையா?
— கல்லூரி மாணவர், திருச்சி

பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 30 கிலோ எடையுள்ள சிறுமிகள் ஆலி அடிக்கிறார்கள்.

பலகையின் பின்முனையை, அதாவது டெயிலை, மிதித்ததும் அது தரையில் 'டக்' என்று மோதுகிறது; முன்முனை எழும்புகிறது. இதுவரை நீங்கள் சரியாகவே செய்கிறீர்கள். ஆனால் மிதித்த கால் அதே நொடியில் மேலே கிளம்பிவிட வேண்டும். உங்கள் எடை இன்னும் டெயில் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அப்படியிருக்க, பின்பக்கம் எப்படி எழும்பும்? சூடான தோசைக்கல்லில் விரல் பட்டால் எடுப்பீர்களே, பின்கால் அந்த வேகத்தில் விலக வேண்டும். மிதிப்பதும் குதிப்பதும் இரண்டு வேலை அல்ல. குதிக்கும்போது கடைசியாகத் தரையை உதைத்துக் கிளம்பும் அந்த உதைதான் மிதி.

இனி முன்கால். பாதத்தைச் சற்று உள்பக்கம் மடித்து, சுண்டுவிரல் ஓரத்தால் பலகைமேல் ஒட்டியிருக்கும் உப்புத்தாளை உரசிக்கொண்டே முன்முனைவரை இழுக்க வேண்டும். அந்த உரசல் பலகையைத் தூக்குகிறது. முன்முனையை எட்டியதும் கால் முன்னோக்கித் தள்ள, பின்பக்கம் மேலே வந்து பலகை சமமாகிறது.

என்னிடம் பழக வருகிறவர்களின் முன்கால் காலணியைத்தான் முதலில் பார்ப்பேன். சுண்டுவிரல் பக்கத்தில் துணி தேய்ந்து, நூல் பிரிந்து, ஓட்டை விழத் தொடங்கியிருந்தால் அவருக்கு ஆலி சீக்கிரமே வந்துவிடும். மூன்று மாதம் ஆகியும் அந்த இடம் புதுசு போல இருந்தால், காலை இழுக்காமல் நேராகத் தூக்குகிறார் என்று பொருள். உங்கள் காலணியை எடுத்துப் பாருங்கள்.

ஒரு வாரம் பலகையைப் புல்தரையில் வையுங்கள், சக்கரம் ஓடாது. முதல் இரண்டு நாள் டெயிலைத் தொடாமல், இரண்டு காலையும் தூக்கிக் குதித்து, ட்ரக்கின் திருகாணிகள் மேலேயே இறங்குங்கள். பிறகு மிதியைச் சேருங்கள். தோள் இரண்டும் பலகைக்கு இணையாக இருக்கட்டும். தோள் திரும்பினால் பலகையும் திரும்பி, ஒரு கால் தரையில் விழும். அடுத்ததாக, நடை வேகத்தில் உருண்டுகொண்டே செய்யுங்கள். நின்ற இடத்திலேயே மாதக்கணக்கில் பழகாதீர்கள். அது வேறொரு பழக்கமாக உடம்பில் ஊறிவிடும்.

மனம் தளர வேண்டாம். 1978இல் புளோரிடாவில் ஆலன் கெல்ஃபாண்ட் என்ற இளைஞர் கையால் பிடிக்காமலேயே பலகையோடு எழும்பிக் காட்டினார். அவருடைய செல்லப்பெயர்தான் ஆலி. அவருக்கு வளைந்து மேலேறும் சுவரின் உதவி இருந்தது. சமதரையிலிருந்து எழும்பும் முறையை ராட்னி மல்லன் என்ற வீரர் கண்டுபிடிக்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. அத்தனை கடினமான காரியத்துக்கு உங்களுடைய மூன்று மாதம் அதிகமே அல்ல.

எனக்கு வயது 41. ஆசை இருக்கிறது, விழுந்துவிடுவோமோ என்ற பயமும் இருக்கிறது.
— மதுரை வாசகி

வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். விழுவதைப் பற்றி நீங்கள் நினைப்பது சரி, நிச்சயம் விழுவீர்கள். ஆகவே விழவும் பழக வேண்டும்.

பழகிய முதல் மாதத்திலேயே என் வலது மணிக்கட்டு முறிந்தது. வேகம்கூட இல்லை, புளியங்கொட்டை அளவு கல் ஒன்று முன்சக்கரத்தில் சிக்கியது. பலகை நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. விறைப்பாகக் கையை நீட்டி, உள்ளங்கையால் தரையைத் தாங்கப் பார்த்தேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. இந்த விளையாட்டில் அதிகம் அடிபடும் இடங்களில் மணிக்கட்டும் ஒன்று. அதனால் முழங்கால் கவசத்தோடு, உள்ளே தகடு வைத்த மணிக்கட்டுக் கவசமும் கட்டாயம் வாங்குங்கள்.

வீட்டில் மெத்தை போட்டு, குந்திய நிலையிலிருந்து தோள் பக்கமாகச் சாய்ந்து உருண்டு பழகுங்கள். பலகை மேல் எப்போதும் முழங்கால் மடங்கியே இருக்கட்டும். கால் விறைத்து நிமிர்ந்து நின்றால்தான் பலகை முன்னே பாய்ந்து, ஆள் மல்லாக்க விழுகிறார். தடுமாறும்போது குதித்து நாலடி ஓடிவிடுங்கள், பலகை போனால் போகட்டும்.

ஒலிம்பிக் பார்த்ததிலிருந்து 12 வயது மகன் 'கிக்ஃபிளிப்' வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நேராக அதைக் கற்றுக்கொடுக்கலாமா?
— ஒரு தந்தை, சென்னை

கூடாது. 2021இல் டோக்கியோவில் ஜப்பான் சிறுமி மோமிஜி நிஷியா 13 வயதில் தங்கம் வென்றதைப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் ஆசை வரும். அந்த ஆசை நல்லது. ஆனால் கிக்ஃபிளிப் என்பது ஆலியின் நடுவில் முன்கால் பலகையைச் சுழற்றிவிடுவது. ஆலி இல்லாமல் அது இல்லை.

முதலில் இரண்டு பக்கமும் வளைந்து திரும்பட்டும். அடுத்து டெயிலை லேசாக அழுத்தி, முன்சக்கரங்களைத் தூக்கித் திருப்பும் 'கிக்டர்ன்'. அதையே வலம் இடமாக மாற்றி மாற்றிச் செய்து, தரையைக் காலால் தள்ளாமலேயே பத்தடி போகச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும். பின்சக்கரங்களில் மட்டும் உருளும் 'மேனுவல்' வந்துவிட்டால் ஆலிக்குப் போகலாம்.

மழையில் ஓட்டலாமா?
— நாகர்கோவில் வாசகர்

வேண்டாம். சக்கரம் வழுக்கும், மர ஏடுகள் நீரில் ஊறித் தெம்பிழக்கும், பேரிங் துருப்பிடிக்கும். தெரியாமல் நனைந்துவிட்டால் அன்றிரவே சக்கரங்களைக் கழற்றி, பேரிங்கைத் துடைத்து உலர்த்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். பலகையை வெயிலில் காயவைக்காதீர்கள், வளைந்துவிடும். நிழலில் சுவரோரம் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் போதும்.