வீட்டுக்கு மட்டும் ஏன் இல்லை?

கேள்வி: எனக்குப் பொறுமையே இல்லை. இன்று யாரிடமும் எரிந்து விழக்கூடாது என்று தினமும் காலையில் உறுதி எடுக்கிறேன். ஆறு வயது மகன் ஷூ லேஸ் கட்டி முடிப்பதற்குள் அது காற்றில் போய்விடுகிறது. இத்தனைக்கும் அலுவலகத்தில் எனக்குப் பொறுமைசாலி என்று பெயர். அவனுக்கும் என் குணம்தான். ஒரு நிமிடம் இரு என்றால் அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறான். பொறுமை பிறவியிலேயே வர வேண்டியதா, பழகிக்கொள்ள முடியுமா?
– ஒரு வாசகி

பதில்: அலுவலகத்தில் பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவருக்குப் பொறுமையே இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேலதிகாரி சொன்னதையே மூன்றாவது தடவை சொல்லும்போதும் தலையாட்டிக் கேட்கிறீர்கள். அவரிடம் கத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மகனிடம் கத்தினால் ஒன்றும் ஆகாது, சாயங்காலம் அவனே வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வான். இருக்கிற பொறுமையை எல்லாம் பயப்பட வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறோம்.

கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கை நடுங்க ஆரம்பித்த பிறகு என் அப்பா சட்டை பட்டன் போட வெகுநேரம் எடுப்பார். கிளம்பும் அவசரத்தில் நான் மளமளவென்று போட்டுவிடுவேன். உதவி என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நாளில் அவர் பட்டனைத் தொடுவதையே விட்டுவிட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு, நான் வரும்வரை கதவோரம் நின்றுகொண்டிருப்பார். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அந்த ஷூ லேஸை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நமக்கு அது கை தானாகச் செய்கிற வேலை. அவனோ ஒரு வளையத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, மறு நுனியை அதைச் சுற்றிக் கொண்டுவந்து, கட்டைவிரலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சின்ன இடைவெளிக்குள் தள்ள வேண்டும். தள்ளும்போது முதல் வளையம் நழுவிவிடும். மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தடவையும் அழாமல் ஆரம்பிக்கிறான் என்றால், அந்த நேரத்தில் வீட்டிலேயே பொறுமைசாலி அவன்தான்.

சரி, காத்திருக்க மாட்டேன் என்கிறானே, அதற்கு வருகிறேன். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 3 முதல் 5 வயதுவரையுள்ள 28 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2013-இல் வெளியானது. பழைய கிரேயான்களைக் கொடுத்து, "கொஞ்சம் இரு, இதைவிட நல்லதாகக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி வந்தது. மற்றவர்களிடம் "மன்னித்துக்கொள், இல்லையாம்" என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டிக்கரை வைத்து இன்னொரு தடவையும் இப்படியே செய்தார்கள். அப்புறம் ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இன்னொன்றும் தருவேன் என்றார்கள். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம்.

சின்ன ஆய்வுதான். பிறவிக் குணத்துக்குப் பங்கே இல்லை என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மிட்டாய்க்கு முந்தைய சில நிமிடங்களே இவ்வளவு மாற்றும் என்றால், வீட்டில் வருடக்கணக்காக நாம் சொல்லும் "இதோ, ஒரு நிமிஷம்" என்ன செய்யும்? நம் ஒரு நிமிடம் எத்தனை தடவை அரைமணி நேரமாகியிருக்கிறது? எத்தனை தடவை மறந்தே போயிருக்கிறோம்? அவன் அழுவது உங்கள் குணம் ஒட்டிக்கொண்டதால்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காத்திருந்து பார்த்தவன், அதனால் எதுவும் கிடைக்காது என்று கண்டுகொண்டிருக்கலாம்.

காலை உறுதிமொழியை விட்டுவிடுங்கள். மணி அடிக்கப் போகிறது என்ற பதற்றத்தில் எந்த உறுதியும் நிற்காது. அதற்குப் பதில் பத்து நிமிடம் முன்னதாக அவனைக் கிளப்புங்கள். ஒரு நிமிடம் என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் போய் நில்லுங்கள். முடியாது என்றால் எவ்வளவு நேரமாகும் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். கத்திவிட்டால் அன்றைக்கே மன்னிப்புக் கேளுங்கள், ஆறு வயதுக்கு அது நன்றாகப் புரியும். அவன் லேஸ் கட்டும்போது உங்கள் கை பரபரக்கும். இரண்டையும் மடியில் கோத்து வைத்துக்கொள்ளுங்கள். அவன் போட்ட முடிச்சு வாசலைத் தாண்டும் முன்பே அவிழ்ந்துவிடலாம். அவிழட்டும். திரும்ப உட்கார்ந்து கட்டுவதற்குத்தானே அந்தப் பத்து நிமிடம்.